எறியத் தெரியாத எட்டு வயது

தங்கை மகளின் பிராகிரஸ் ரிப்போர்ட்டை வீட்டில் முதலில் பார்த்தவன் நான். அம்மா கண்ணில் படுவதற்குள் மாமாவைக் கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவள் திட்டம். கன்னடம், இங்கிலீஷ், கணக்கு எல்லாம் பரவாயில்லை. உடற்கல்விக்கு மட்டும் 'சி'. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ஸ்டாமினா போதாது.

எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பெங்களூரு அல்சூர் சந்தில் பள்ளிவிட்டு வந்த நேரத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை 'லாக் அண்ட் கீ' என்ற ஓடிப்பிடி ஆட்டம் ஆடுகிறவள் அவள். மூன்று மாடி ஏறி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுபடி இறங்கி ஓடுவாள். "பி.டி. பீரியட்ல என்னதான் பண்றீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு ரவுண்டு ஓடுவோம் மாமா. அப்புறம் பசங்க கிரிக்கெட், நாங்க த்ரோபால்." "நீ எங்க நிப்ப?" "ஓரமா." "ஏன்?" "பந்து அந்தப் பக்கம் வராது."

விஷயம் அந்த 'ஓரமா'வில் இருக்கிறது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு உள்ளே வண்டிகள் ஓடாது, ரோட்டிலேயே விளையாடலாம். ஒரு ரப்பர் பந்தை மெதுவாக அவளிடம் போட்டேன். இரண்டு கையையும் கட்டைபோல் நீட்டினாள், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. "சரி, நீ எறி" என்றேன். என்னை நேராகப் பார்த்து நின்று, வலது கையையும் வலது காலையும் ஒன்றாக முன்னால் வைத்து, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டினாள். பந்து நாலடி தள்ளி விழுந்தது. எட்டு வயதில் இவளுக்கு எறியத் தெரியவில்லை. அதைப் பள்ளி 'ஸ்டாமினா போதாது' என்று எழுதியிருக்கிறது.

இது அந்த ஒரு பள்ளியின் தவறு மட்டும் அல்ல. உடற்கல்வி என்றதும் நம் எல்லோர் தலையிலும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று அசைவுத் திறன்: ஓடுவது, தாவுவது, நொண்டுவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. இன்னொன்று உடல்தகுதி: மூச்சு எவ்வளவு தாங்கும், தசை எவ்வளவு இழுக்கும், உடம்பு எவ்வளவு வளையும். முதலாவது எழுத்துப் படிப்பதைப் போல. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஒரு முறை வந்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் போகாது. இரண்டாவது அடுப்பில் வைத்த பால் மாதிரி. சூடு இருக்கும்வரைதான் கொதிக்கும், இரண்டு மாதம் சும்மா இருந்தால் இறங்கிவிடும். முதலாவது இல்லாத குழந்தையிடம் இரண்டாவதை மட்டும் கேட்பது, எழுத்து தெரியாதவனிடம் 'வேகமாக வாசி' என்பதற்குச் சமம்.

அடிப்படை அசைவுத் திறன்களை உடற்கல்விக்காரர்கள் மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். இடம்விட்டு இடம் போகிறவை: ஓட்டம், தாவல், நொண்டி, குதிரை ஓட்டம், பக்கவாட்டில் சறுக்கி நகர்வது. உடம்பைத் தன் வசத்தில் வைத்திருப்பவை: சமநிலை, வளைவது, திரும்புவது, குதித்த பின் முழங்கால் மடக்கி இறங்குவது. மூன்றாவது, ஒரு பொருளைக் கையாள்பவை: எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது, பந்தைத் தட்டிக்கொண்டே போவது. இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை இவற்றுக்கு விதை ஊன்றும் காலம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு கற்க முடியாது என்று அர்த்தம் இல்லை. கூச்சம் வருவதற்கு முன்னால் கற்பது சுலபம், அவ்வளவுதான்.

எறிவதையே எடுத்துக்கொள்வோம். இது தோளில் தொடங்கும் வேலை என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். உண்மையில் எறிதல் காலில் தொடங்குகிறது. வலது கைக்காரர் என்றால் இடது தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். கை கீழே போய்ப் பின்னால் சுற்றி மேலே வரும்போது இடது கால் முன்னால் எட்டு வைக்கும். முதலில் இடுப்பு திரும்பும், அதன் பின்னால் தோள், அதற்கும் பின்னால்தான் கை. சாட்டை சுழற்றுகிறவர் கைப்பிடியில் கொடுக்கும் சின்ன அசைவு நுனிக்குப் போகும்போது எப்படி வேகம் பிடிக்கிறதோ, அதே கதை. பந்து கையை விட்ட பிறகும் கை நிற்காது, உடம்பைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்க இடுப்பை நோக்கி இறங்கும். தங்கை மகள் செய்தது இதன் ஆரம்பப் படிகளில் ஒன்று: இடுப்பும் தோளும் திரும்பாது, முழங்கை மட்டும் வேலை செய்யும். மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் எறியும். பந்து வரும்போது முகத்தைத் திருப்புவதும் பிடிப்பதன் ஆரம்பப் படிதான், பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. அவள் அந்தப் படியிலேயே நின்றுவிட்டாள், ஏற்றிவிட ஆள் இல்லை.

'வளர வளரத் தானா வந்துடும்' என்பது நம் வீடுகளில் சகஜமான பேச்சு. நடை தானாக வரும், எறிதல் அப்படி வராது. அடிப்படைத் திறன்கள் ஓரளவு தேறாத குழந்தை, விளையாட்டு என்று வரும்போது ஒரு தடுப்புச் சுவரில் முட்டி நின்றுவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980லேயே எழுதினார். ஸ்டாடனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதை ஒரு சுழலாக விளக்கியது. திறன் உள்ள குழந்தை அதிகம் விளையாடும், விளையாட விளையாட உடல்தகுதி ஏறும், தகுதி ஏறினால் இன்னும் விளையாடும். திறன் இல்லாத குழந்தைக்கு இதே சுழல் தலைகீழாகச் சுற்றும்: ஓரமாக நிற்கும், பந்து வராது, பழக்கம் வராது, மூச்சும் வளராது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, 2009இல் வெளியானது. சிறு வயதில் எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்ற பந்துத் திறன்களில் தேறியவர்களே பின்னாளில் கூடுதலாக உடலை அசைப்பவர்களாக இருந்தார்கள் என்று அது காட்டியது. பெண் குழந்தைகள் இந்தப் பந்துத் திறன்களில்தான் பின்தங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பையன் கையில் நாலு வயதில் பிளாஸ்டிக் பேட் கொடுக்கிறோம், பெண் கையில் என்ன கொடுத்தோம் என்று அவரவர் வீட்டுப் பரணைப் பார்த்தால் தெரியும்.

முன்பெல்லாம் இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெருதான். பாண்டி ஆட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். சில்லைக் கட்டத்துக்குள் குறிபார்த்துக் கீழ்க்கையால் போட வேண்டும், அது எறிதல். கோட்டை மிதிக்காமல் நொண்டிக்கொண்டு போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒற்றைக் காலில் திரும்ப வேண்டும். வரும் வழியில், தூக்கிய காலைக் கீழே விடாமல் குனிந்து சில்லை எடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன மூன்று கூட்டமும் ஆறேழு அடி நீளச் சாக்பீஸ் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. இங்கே கன்னடக் குழந்தைகள் இதையே குண்ட்டெபில்லெ என்பார்கள், சில்லும் அதே, சண்டையும் அதே. லகோரியில் அடுக்கிய கல்லைப் பந்தால் சாய்த்துவிட்டு, எதிராளி எறியும் பந்துக்குத் தப்பி ஓட வேண்டும். எறிதல், வளைந்து ஓடுதல், சட்டென்று நின்று திரும்புதல் எல்லாம் அதில் உண்டு. பச்சக்குதிரை தாண்டினவனுக்கு எப்படி இறங்கினால் கால் பிசகாது என்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தெருவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே வலுத்தவன் ஆடுவான், இளைத்தவன் பந்து பொறுக்குவான். அதையும் பார்த்திருக்கிறேன், பொறுக்கியும் இருக்கிறேன்.

இப்போது சந்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் நிற்கின்றன. அபார்ட்மெண்ட் என்றால் கீழேயே ஒரு போர்டு: பந்து விளையாடக் கூடாது. பூங்காவிலும் அதே போர்டு, மூன்று மொழியில். கௌதமபுரம் மாதிரி இடங்கள் விதிவிலக்கு. தமிழர்கள் நிறைந்த அந்தப் பேட்டையில் கால்பந்து வீர வழிபாட்டுக்கே போய்விட்டது, பேலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் தெரு கைவிட்ட வேலை பள்ளியின் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளியோ அதை இன்னும் கையில் எடுக்கவில்லை.

எடுக்காததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. நம் பள்ளிகளில் இந்தப் பாடம் 'டிரில்' என்ற பெயரில் நுழைந்தது. டிரில் பட்டாளத்துச் சரக்கு. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் முகாம் இருப்பதால் எங்களுக்கு அது பழகிய காட்சி. 'தம்பி'கள் என்று பட்டாளமே செல்லமாகக் கூப்பிடும் அவர்கள் அணிவகுத்துப் போவதைப் பார்க்க அழகாகவே இருக்கும். நூறு உடம்பு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைய வேண்டும் என்பது டிரிலின் நோக்கம். ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவர் அவர். உடற்கல்வி ஆசிரியர் என்ற தனித் தொழில் நம் பக்கம் வேரூன்றியதில் அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. நூறு வருஷம் தாண்டியும் குழந்தைகள் வாயில் அது டிரில் பீரியட், இல்லாவிட்டால் பி.டி. பீரியட். விசில், வரிசை, ரவுண்டு.

பி.டி. மாஸ்டரைக் குறை சொல்வது சுலபம். என் சித்தப்பா ஒருவர் அந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். அவர் போட்ட கணக்கைச் சொல்கிறேன். நாற்பது நிமிடப் பீரியட். வகுப்பிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கப் பத்து நிமிடம், திரும்பி ஏற ஐந்து. மிச்சம் 25 நிமிடம், 40 பிள்ளைகள், இரண்டு பந்து. இரண்டு வரிசை போட்டு ஆளுக்குப் பதினைந்து விநாடி என்றாலும் ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடம். ஆக ஒரு பிள்ளைக்கு அன்றைக்கு ஐந்து எறி. வாரத்துக்கு இரண்டு பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐந்து எறியில் யாருக்கு என்ன வரும்? சித்தப்பா கண்டுபிடித்த வழி பழைய பேப்பர். ஒரு தாளைக் கசக்கி உருட்டி மேலே செலோடேப் சுற்றினால் பந்து. நாற்பது பிள்ளைக்கும் நாற்பது பந்து, எதிரே சுவர். கண்ணில் பட்டாலும் வலிக்காது என்பதால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகூடத் தைரியமாகப் பிடிக்கும். அதே 25 நிமிடத்தில் நூறு எறி தாண்டும்.

சரி, உடல்தகுதிக்கு வருவோம். இதிலும் ஒரே சொல்லுக்குள் பல சரக்கு. ஆரோக்கியத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை ஐந்து: இதயமும் நுரையீரலும் தாங்கும் திறன், தசை வலு, அந்தத் தசை களைக்காமல் நீடிக்கும் திறன், உடல் வளையும் தன்மை, உடம்பில் கொழுப்புக்கும் மற்றதற்கும் உள்ள விகிதம். 'ஸ்டாமினா' என்று நாம் சொல்வது இந்த ஐந்தில் ஒன்று, தாராளமாகச் சேர்த்தால் இரண்டு. வேகம், சுறுசுறுப்பாகத் திசை மாற்றுவது, வெடித்துக் கிளம்பும் ஆற்றல், கண்ணும் கையும் ஒத்துழைப்பது போன்றவை விளையாட்டுத் திறமையைச் சேர்ந்த வேறு பட்டியல்.

மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டம் பள்ளிக் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் சோதனைகளைப் பார்த்தால் இந்தப் பிரிவுகள் புரியும். நாலாம் வகுப்பிலிருந்து மேலே 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து கையை நீட்டுவது, வயிற்றுத் தசைக்குப் பாதி மட்டும் எழுந்து படுப்பது, தண்டால், கூடவே உயரம்–எடைக் கணக்கு. முதல் மூன்று வகுப்புக்கு ஓட்டமே கிடையாது. உயரம்–எடையோடு ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனையும், இரண்டு வட்டுகளைக் கையால் மாறி மாறித் தட்டும் சோதனையும்தான். அந்த வயதில் பார்க்க வேண்டியது சமநிலையும் ஒருங்கிணைப்பும்தான் என்ற புத்தி இதில் தெரிகிறது. அதே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'ஸ்டாமினா போதாது' என்று எழுதியதை நினைத்தால்தான் வேடிக்கை.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. இந்தச் சோதனைகள் எத்தனை விநாடி, எத்தனை முறை என்று விளைவை அளக்கின்றன. எப்படிச் செய்தாள் என்பது அதில் வராது. அதற்கு வேறு வகைச் சோதனை இருக்கிறது. அமெரிக்கரான டேல் அல்ரிக் 1985இல் முதலில் வெளியிட்டது, இப்போது மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள். மூன்றிலிருந்து பத்து வயதுக் குழந்தைகளுக்கு. எறிதலில் பந்து எவ்வளவு தூரம் போனது என்று அது பார்ப்பதே இல்லை. கை கீழிருந்து சுற்றி வந்ததா, உடம்பு பக்கவாட்டில் திரும்பியதா, எதிர்க்கால் எட்டு வைத்ததா, கை குறுக்காகப் போய் முடிந்ததா, இவ்வளவுதான் கேள்வி. '600 மீட்டருக்கு நாலு நிமிடம்' என்ற எண்ணை வைத்து ஆசிரியர் மறுநாள் என்ன சொல்லிக்கொடுப்பார்? 'எதிர்க்கால் வரவில்லை' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

ரவுண்டு ஓட்டத்துக்கு வருகிறேன். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆறிலிருந்து பத்து வயதுக் குழந்தைகள் தம் போக்கில் இருக்கும்போது எப்படி அசைகிறார்கள் என்று மூன்று விநாடிக்கு ஒரு முறை குறித்துக் கவனித்தது. அவர்களுடைய கடும் அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று விநாடிதான். பாய்ந்தார்கள், நின்றார்கள், பேசினார்கள், மறுபடி பாய்ந்தார்கள். 'லாக் அண்ட் கீ' இந்த இயல்புக்கு அச்சாகப் பொருந்தும், அதனால்தான் இருட்டும் வரை ஆட முடிகிறது. ஒரே வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவது பெரியவர்களின் உடற்பயிற்சி. ஐந்திலிருந்து பதினேழு வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வாரத்தில் மூன்று நாளாவது எலும்பும் தசையும் வலுக்கும் செயல் வேண்டும் என்றும் சொன்னது. அந்த 60 நிமிடம் ஒரே மூச்சில் ஆக வேண்டியதில்லை. சில்லறையாகச் சேர்ந்தாலும் சரி. குதிப்பதும் தொங்குவதும் ஏறுவதும் தசை எலும்புக் கணக்கில் வரவாகும். பருவ வயதுக்கு முன்னால் வலு கூடுவதே பெரும்பாலும் நரம்பு தசையை நன்றாக ஏவப் பழகுவதால்தான், தசை பருப்பதால் இல்லை. அதனால் சின்னப் பிள்ளையின் புஜத்தைத் தொட்டுப் பார்த்துத் தேர்வு வைக்க வேண்டாம்.

இந்த வயதுக் குழந்தைக்கு உடல்தகுதியைப் பற்றி எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அவள் உடம்பையே காட்டலாம். கழுத்து ஓரம் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணச் சொன்னேன். 22. நாலால் பெருக்கு என்றேன், 88. கயிறு தாண்டிவிட்டு வா என்றேன். வந்து எண்ணினாள், 41. பெருக்கியபோது கண் விரிந்தது. "மாமா, எனக்கு ஏதாவது ஆயிடுமா?" ஒன்றும் ஆகாது, கால் தசை கூடுதல் காற்றைக் கேட்கிறது, இதயம் அவசர அவசரமாக அனுப்புகிறது என்றேன். குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட வேகமாகத்தான் அடிக்கும். ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் 220 கழித்தல் வயது கணக்கெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு வேதனை, ஓட்டமும் தோப்புக்கரணமும் தண்டனையாகிவிட்டது. ஹோம்வொர்க் செய்யாதவனுக்கு ஐந்து ரவுண்டு, பேசினவளுக்கு இருபது தோப்புக்கரணம். தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, பிள்ளையாருக்கு முன்னால் சந்தோஷமாகப் போடுகிறோம். பள்ளியில் அதையே அவமானமாக்கிவிட்டு, பிறகு ஃபிட் இந்தியா வாரம் கொண்டாடினால் எப்படி? காகிதத்தில் குறையே இல்லை. சி.பி.எஸ்.இ. 2018இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது, மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் 2019 ஆகஸ்ட் 29இல் தொடங்கியது, 2023இன் தேசியப் பாடத்திட்டச் சட்டகம் இதை மற்றப் பாடங்களுக்குச் சமமாக வைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டாயமாக்குவதற்குள் எறியத் தெரியாதவர்கள் எறிவதை விட்டே ஆறு வருடம் ஆகியிருக்கும்.

மொட்டை மாடியில்தான் எங்கள் பாடம் நடந்தது. சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்தேன், பக்கவாட்டில். இடது பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம், எட்டு வைக்க. குறி பார்க்கவே வேண்டாம், உன்னால் முடிந்த அளவு வேகமாக எறி என்று மட்டும் சொன்னேன். குறியைக் கேட்டால் குழந்தை உடம்பை இறுக்கிக்கொள்ளும், வேகத்தைக் கேட்டால் இடுப்பு தானாகத் திரும்பும் என்பது சித்தப்பா சொன்ன சூட்சுமம். முதல் இரண்டு நாள் வலது கால்தான் வந்தது. மூன்றாம் நாள் இடது கால் வந்தது, ஆனால் கை வருவதற்கு வெகு முன்னால். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் இருக்கும், ஒரு சாயங்காலம் காலும் இடுப்பும் கையும் வரிசையாக வந்து பந்து எதிரே இருந்த தண்ணீர் டேங்கில் 'டம்' என்று மோதியது. கீழ் வீட்டம்மா "யாரு அது மாடியில?" என்று சத்தம் போட்டார். இருவரும் சுவரோரம் குனிந்து உட்கார்ந்துகொண்டோம். சத்தம் அடங்கியதும் அவள் எழுந்து போய், நான் வரைந்த பாதங்களைக் காலால் தேய்த்து அழித்தாள். மூன்றடி பின்னால் போய், தானே புதிதாக வரைந்தாள்.